லொகேஷனுக்கு மட்டும் மார்க்கு போடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல ஓடிடி படங்களுக்கு ஸ்டார் போடுறீங்கல்ல, அதப் பத்திதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், எடம் இல்லன்னா வெட்டிக்கிடுங்க, ஆனா எங்க கூட்டத்துல இருக்குற மீன்காரர், தூத்தூர் அண்ணன் சொன்னத மட்டும் வெட்டிராதீங்க, அவரு பேப்பர்ல வருமான்னு தினமும் கேட்டுட்டு இருக்காரு.

தமிழ்ப் படம் மலையாளப் படம்னா பக்கம் பக்கமா எழுதுறீங்க, சண்டைக் காட்சிக்கு ஒரு பாரா, பின்னணி இசைக்கு ஒரு பாரா. ஐரோப்பாக்காரன் படம்னு வந்துட்டா மட்டும் நாலே வரி. அதுல ஒரு வரி "மெதுவா நகருது", இன்னொரு வரி "லொகேஷன் கண்ணுக்குக் குளிர்ச்சி", மூணு ஸ்டார், முடிஞ்சு போச்சு. ஐஸ்லாந்துக்கும் மூணு, மால்டாவுக்கும் மூணு, ருமேனியாவுக்கும் மூணு. பாதி நேரம் எந்த நாடுன்னே போடுறதில்ல, "ஐரோப்பியப் படம்"னு ஒரே போடு. நம்ம படத்த எவனாவது "ஆசியப் படம்"னு எழுதி ஜப்பான்காரன் படத்தோட சேத்துக் கட்டினா நமக்கு எப்படி இருக்கும்?

நாங்க மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு சின்ன கூட்டம், சனிக்கிழமை ராத்திரி ஒரு வீட்டு மாடில புரொஜெக்டர் வச்சு படம் பாக்குறோம், ஒரு வாரத்துக்கு ஒரு நாடுன்னு கணக்கு. பாத்து முடிச்சதும் கட்டங்காப்பி குடிச்சுட்டு பத்துக்கு மார்க்கு போடுவோம், காலேஜ் போற பிள்ளை ஒண்ணு நோட்டுல எழுதும். எங்க விதி என்னன்னா, படத்துல என்ன தொழில் வருதோ அந்தத் தொழில் தெரிஞ்சவங்க போடுற மார்க்குக்கு ரெட்டை மதிப்பு. மலை, பனி, பழைய சர்ச்சு இதுக்கெல்லாம் தனி மார்க்கு கிடையாது. இந்த விதி வந்ததுக்கப்புறம் எங்க மார்க்கும் உங்க ஸ்டாரும் ஒத்துப் போறதே இல்ல, அதான் எழுதுறேன்.

முதல்ல கடல். 1934ல வந்த மேன் ஆஃப் ஆரன், அயர்லாந்துக்கு மேக்க கடல்ல இருக்குற ஆரன் தீவு, எடுத்தது ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி. பாறைத் தீவு, மண்ணே கிடையாது, பாறை இடுக்குல கிடக்குற மண்ணத் தோண்டி எடுத்து கடல்பாசிய முதுகுல சுமந்து கொண்டு வந்து பரப்பி உருளைக்கிழங்கு போடுறான், அதப் பாத்து எங்க மாடில ஒரு சத்தம் இல்ல. அப்புறம் சுறா வேட்டை. எங்க தூத்தூர் அண்ணன் ஆழ்கடல் போறவரு, சுறாத் தூண்டில் போட்டு வளந்த கை, அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு சுறா பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லைன்னு உங்களுக்கே தெரியும். அவரு பாத்துட்டு சொன்னாரு, "லே, இது கடிக்குற சாதி இல்ல, வாயத் தொறந்துட்டு தண்ணிய வடிகட்டித் தின்னுட்டுப் போற சாதி, இதுக்கு எதுக்கு இவ்ளோ பயங்காட்டுறான்." தேடிப் பாத்தா அவரு சொன்னதுதான் சரி, அது பாஸ்கிங் ஷார்க், பொடி உயிருங்களத் தின்னுற பெரிய மீனு. அதவிட பெரிய விஷயம், படம் எடுத்த காலத்துல அந்த வேட்டையே அங்க வழக்கத்துல இல்லாமப் போய் ரொம்ப வருஷம் ஆயிருந்துது, டைரக்டர்தான் ஆளுங்களுக்கு அதத் திரும்பக் கத்துக் குடுக்க வச்சு எடுத்திருக்காரு. குடும்பமா காட்டுற புருஷன், பொண்டாட்டி, பையன்கூட நிஜத்துல ஒரே குடும்பம் இல்ல. அண்ணன் தீர்ப்பு: அலைக்கும் படகு கரையேறுறதுக்கும் ஒம்போது, சுறாவுக்கு நாலு. அலை நிஜ அலை, படகுல இருந்தவனுக்கு உயிர்பயம் நிஜம், அது கடல்ல போனவனுக்கு ஒரு பார்வையிலயே தெரியுமாம்.

அவரு பத்துக்குப் பத்து போட்ட படம் வேற. 1948, இத்தாலி, லூக்கினோ விஸ்கோந்தி எடுத்த லா தெர்ரா த்ரேமா. சிசிலில ஆச்சி த்ரேட்ஸானு ஒரு மீன்பிடி ஊரு, நடிச்சது எல்லாம் அந்த ஊரு ஆளுங்களேதான், பேச்சும் அவங்க சிசிலி பேச்சு, மத்த இத்தாலிக்காரனுக்கே புரியலன்னு சொல்லுவாங்க. கதாநாயகன் பேரு ந்தோனி, நம்ம கடக்கரைல கூப்பிட்டா பத்து அந்தோணி திரும்பிப் பாக்குற மாதிரி பேரு. ராத்திரி முழுக்க கடல்ல கிடந்து மீனக் கொண்டு வந்தா வெலைய வைக்கிறது கரைல நிக்குற மொத்த வியாபாரி. ஒரு நாள் ந்தோனிக்கு கோவம் வந்து அவனுங்க தராசத் தூக்கி கடல்ல வீசிருவான். அந்தக் காட்சில எங்க மாடில விசில் பறந்துது, அண்ணன் மட்டும் சிரிக்காம உக்காந்திருந்தாரு, "தராசு போனா வேற தராசு வாங்குவான், கடன் அங்கயேதான் இருக்கும்"னாரு. அதேதான் நடக்குது. வீட்ட அடமானம் வச்சு சொந்தமா தொழில் தொடங்கி, நெத்தலி வகை மீனு நல்லா பட்டு, பெண்டு பிள்ளையெல்லாம் உக்காந்து உப்பு போட்டு பீப்பா பீப்பாயா அடுக்குறாங்க, அப்புறம் ஒரு புயல்ல படகு போச்சு, உப்புமீன அதே வியாபாரி அடிமாட்டு வெலைக்கு எடுக்குறான். வட்டிக்குக் கடன் குடுத்தவருதான் ஏலமும் விடுவாருங்குற கதை நம்ம கரைக்கும் புதுசா என்ன? இந்தப் படத்தப் போய் எவனாவது "மெதுவா நகருது"னு எழுதினா, சாரி, அவன் ஏலக்கரைல ஒரு நாள் காலைல நின்னு பாத்திருக்க மாட்டான்.

மால்டா படம் லுட்ஸு, 2021. லுட்ஸுங்குறது அந்த ஊரு மரப்படகு, முன்னால ரெண்டு பக்கமும் கண்ணு வரைஞ்சிருப்பான். நடிச்ச ஜெஸ்மார்க் நிஜமாவே மீன்பிடிக்குறவரு, சன்டான்ஸ் விழால நடிப்புக்கு விருது வாங்கிட்டாரு. கைக்குழந்தைக்கு வைத்தியச் செலவு, படகுல ஓட்டை, மறுபக்கம் படகக் குடுத்துட்டு லைசென்ச விட்டா காசு தரோம்னு ஐரோப்பிய யூனியன் திட்டம். தடைக்காலத்துல தெரியாம ஒரு வாள்மீன் மாட்டிருது, செத்துப்போன மீன திரும்ப கடல்ல போடணும், அதுதான் சட்டம். நம்ம மாவட்டத்துல தடைக்காலமே ரெண்டு, கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும், மேக்கால ஜூன் 1லருந்து ஜூலை 31 வரைக்கும், பெரும்பாலும் கிழக்க சின்னமுட்டத்துல படகு கெடக்கும்போது மேக்க குளச்சல்ல போவான், சின்னமுட்டத்துல போகும்போது குளச்சல்ல கெடப்பான். அதனால மால்டாக்காரன் மூஞ்சிய யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கல. இதுக்கு எட்டரை. இங்கிலாந்து கார்ன்வால்ல எடுத்த பெய்ட் (2019) படத்துக்கு எட்டு, கருப்பு வெள்ளைல பதினாறு எம்எம் பிலிம்ல எடுத்து கையாலயே கழுவின படம், கதைல கூடப்பொறந்தவங்க ரெண்டு பேரு, ஒருத்தன் படக டூரிஸ்ட் சவாரிக்கு விட்டுட்டான், மீன்பிடிக்குற இன்னொருத்தன்கிட்ட படகே இல்ல, அவங்க இருந்த வீட்ட லண்டன்காரன் வாங்கி லீவுக்கு வந்து இருக்கான். கன்னியாகுமரில லாட்ஜ் எழும்பின கதை தெரிஞ்சவங்க பாக்கலாம்.

இனி என் தொழில். நான் தேனீப் பெட்டி வச்சிருக்கேன், ரப்பர் தளிர் விடுற சீசன்ல பெட்டிய எஸ்டேட்டுக்குக் கொண்டு போறதும் முடிஞ்சதும் திருப்பிக் கொண்டு வாறதும்தான் பொழப்பு. அதனால வட மாசிடோனியாவுல எடுத்த ஹனிலேண்டுக்கு (2019) ரெட்டை மார்க்கு போடுற உரிமை எனக்கு. மலைமேல கரண்டும் ரோடும் இல்லாத ஊருல ஹதிஜேன்னு ஒரு அம்மா, வயசான தாயப் பாத்துக்கிட்டு கல்லுச் சுவர் இடுக்குல கூடு வளத்து தேன் எடுக்குது, கைல கிளவுஸ் கிடையாது. பாதி உனக்கு பாதி எனக்குன்னு தேனீகிட்ட சொல்லிட்டுத்தான் எடுக்கும். பக்கத்துல ஒரு குடும்பம் மாடும் பிள்ளைகளுமா வந்து எறங்குது, அவனும் பெட்டி வைக்கிறான், வியாபாரி அவசரப்படுத்துனதுல மொத்தத் தேனையும் வழிச்சு எடுத்துடுறான், அவன் தேனீக்குத் திங்க இல்லாம அது நேரா இந்த அம்மா கூட்டுல கொள்ளையடிக்கப் போகுது. இத "பேராசை பெருநஷ்டம்"னு உங்க விமர்சனத்துல ஒரு வரில முடிச்சிட்டீங்க, அது பேராசைக் கதை மட்டும் இல்ல ஐயா, பசிச்ச கூடு பக்கத்துக் கூட்டக் கொள்ளையடிக்கும்ங்குறது நாங்க வருஷா வருஷம் பயப்படுற விஷயம், கேமராக்காரன் அத மூணு வருஷம் காத்துக் கெடந்து எடுத்திருக்கான். ஆஸ்கர்ல ஆவணப்படம், வெளிநாட்டுப் படம்னு ரெண்டு பிரிவுலயும் பேரு வந்த முதல் படம் இதுதான். ஒம்போதரை. அரை எதுக்குக் கொறைச்சேன்னா, தேன் அறுக்குற காட்சி இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம், இது என் பேராசை.

அரை மார்க்குன்னதும் ராம்ஸ் ஞாபகம் வருது, ஐஸ்லாந்து, 2015, கான் திரைப்பட விழால பரிசு வாங்கின படம். அடுத்தடுத்த வீட்டுல அண்ணன் தம்பி, நாப்பது வருஷமா பேச்சு இல்ல, ஏதாவது சொல்லணும்னா சீட்டெழுதி நாய் வாயில குடுத்து அனுப்புவான். நம்ம ஊருல ஆளாளுக்கு வரப்புக் கேஸ் நடத்துறவங்க இந்த நாய் ஐடியாவ யோசிக்கலாம். ஊரு கெடாப் போட்டில முதுகுச் சதையக் கையால தடவிப் பாத்து மார்க்கு போடுறான், தம்பி கெடா அரை மார்க்குல தோத்துப் போகுது, அதுலருந்துதான் வில்லங்கமே ஆரம்பம். அப்புறம் ஆட்டுக்கு ஒரு தொத்து நோய், பள்ளத்தாக்குல இருக்குற மொத்த ஆட்டையும் கொல்லணும்னு ஆர்டர் வருது. 1990கள் தொடக்கத்துல நம்ம பக்கம் தேனீக்கு நோய் வந்து பெட்டி பெட்டியாக் காலியானப்போ எங்கப்பா வெறும் பெட்டிய அடுக்கி வச்சுட்டு திண்ணைல உக்காந்திருந்தது எனக்கு நல்ல ஓர்மை இருக்கு. அதனால நான் ஒம்போது போட்டேன், ஆடு வளக்குற ஒரு அக்கா பத்து போட்டாங்க. இதுக்கு உங்க இணைப்புல வந்தது "பனிப்பிரதேசக் காட்சிகள் பிரமாதம்".

ருமேனியாவுக்கு த டெத் ஆஃப் மிஸ்டர் லசரெஸ்கு (2005) பாத்தோம். தனியா இருக்குற பெரியவரு, தலைவலி, ஆம்புலன்ஸ்ல ஏத்திக்கிட்டு ஒரு ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையுறாங்க, அன்னிக்குன்னு பெரிய பஸ் விபத்து, எங்கயும் எடமில்ல, டாக்டருங்க அவரத் திட்டுறதும் கூட வந்த நர்ஸ மட்டந்தட்டுறதுமா ரெண்டரை மணி நேரம். எங்க சின்னம்மா ரிட்டயர்டு நர்ஸ், வெளிநாட்டுலயும் வேலை பாத்தவங்க. பிள்ளைங்க "போர்"னு எழும்பப் போனப்போ "உக்காருங்க மக்கா, நைட் டியூட்டின்னா இதுதான்"னு ஒரே அதட்டு. பத்து.

ஒரு வாரம் பெரிய தகராறு, படத்த எந்த நாட்டுக் கணக்குல எழுதுறதுன்னு. டாக்டர் ஷிவாகோ கதை ரஷ்யா, ஆனா பெரும்பகுதி எடுத்தது ஸ்பெயின்ல, பேசுறது இங்கிலீஷ். சவுண்ட் ஆஃப் மியூசிக் ஆஸ்திரியா, எடுத்தவன் அமெரிக்காக்காரன். கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்ல நாடே கற்பனை நாடு, ஷூட்டிங் ஜெர்மனில. கடைசில அந்த நாட்டு ஆளு அந்த நாட்டுப் பேச்சுல எடுத்ததுக்கு ஒரு பக்கம், வெளியாளு போய் எடுத்ததுக்கு ஒரு பக்கம்னு நோட்ட ரெண்டாப் பிரிச்சாச்சு. இந்தக் கணக்குல பாத்தா நம்ம தமிழ் சினிமா இத்தனை வருஷமா ஸ்விட்சர்லாந்துல எடுத்த பாட்டெல்லாம் எங்க போகும்? பனில சேலை கட்டி ஹீரோயின் நடுங்குறத நாம எல்லாரும் பாத்திருக்கோம், அந்த ஊருல பால் கறக்குறவன் ஒருத்தன் மூஞ்சி எவனுக்காவது தெரியுமா? ஸ்விஸ் நாட்டுக்கு நாங்க பாத்தது ஜர்னி ஆஃப் ஹோப், 1990, ஆஸ்கர் வாங்கின படம். துருக்கிலருந்து ஒரு ஏழைக் குடும்பம் இருந்ததெல்லாம் வித்துட்டு, ஒரு பையன மட்டும் கூட்டிக்கிட்டு, ஏஜெண்டுகிட்ட காசக் கட்டிட்டு, இதே பனிமலைய ராத்திரில நடந்து கடக்கப் பாக்குது. என்ன ஆகுதுன்னு நான் சொல்லல. மலை இந்தப் படத்துலயும் அழகுதான்.

லகானுக்கு ஆஸ்கர் கிடைக்கலன்னு இன்னைக்கும் பொருமுறவங்க இருக்காங்க, உங்க பத்திரிகைலயே வருஷா வருஷம் எழுதுறீங்க. அத ஜெயிச்ச போஸ்னியா படம் நோ மேன்ஸ் லேண்ட எத்தன பேரு பாத்தீங்க? ரெண்டு எதிரி சிப்பாய் ஒரே பதுங்குகுழில, நடுவுல ஒருத்தன் கண்ணிவெடி மேல படுத்திருக்கான், எழும்பினா எல்லாரும் காலி. எங்க கூட்டத்துல லகான் ரசிகரு ஒருத்தரு பாத்துட்டு "சரி, குடுத்தது தப்பில்ல"னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாரு.

ஆக, ஆசிரியர் ஐயா, கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. எந்த நாடு, என்ன மொழி, அங்கயே எடுத்ததா இல்லையான்னு ஒரு வரி போடுங்க. நாலு வரில ரெண்டு வரியாவது அந்தப் படத்துல ஆளுங்க என்ன வேலை செய்யுறாங்கன்னு எழுதுங்க. முடிஞ்சா மாசத்துக்கு ஒரு தடவை விமர்சகர உக்கார வச்சுட்டு ஒரு மீன்காரரையோ நர்ஸையோ ஸ்டார் போட விடுங்க, எங்க மாவட்டத்துல இருந்து ஆளு அனுப்ப நான் பொறுப்பு. இங்கிலீஷ் எழுத்து வேகமா ஓடுது, பெரியவங்களுக்கு வாசிக்க முடியல, தமிழ்ல சப்டைட்டில் எந்தப் படத்துக்கு இருக்குன்னும் ஒரு குறிப்பு போட்டா புண்ணியமாப் போகும்.

அடுத்த வாரம் போர்ச்சுகல். உலகத்துல கிடைக்குற கார்க்குல பாதி அங்கதான், ஒம்போது வருஷத்துக்கு ஒருக்கா மரத்தக் கொல்லாம பட்டைய மட்டும் கோடாலியால உரிச்சு எடுப்பாங்க. எங்க கூட்டத்துல ரப்பர் பால்வெட்டுற அண்ணன் ஒருத்தரு ரெட்டை மார்க்கு போட இன்னும் சான்ஸ் கிடைக்காம உக்காந்திருக்காரு. கார்க் உரிக்குற ஆளுங்கள வச்சு எடுத்த போர்ச்சுகல் படம் வாசகர்ல யாருக்காவது தெரிஞ்சா உங்க பத்திரிகைலயே எழுதச் சொல்லுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா ரொம்ப உபகாரம்.

இப்படிக்கு,
தேனீ வளக்குற வாசகர்,
மார்த்தாண்டம் பக்கம், கன்னியாகுமரி மாவட்டம்