டான்யூப் கடல் சேரும் ஊர் சுலினா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் வெளிவந்த ருமேனியக் கட்டுரையை ஆவலுடன் படித்தேன். டிராகுலா கோட்டைக்கு முக்கால் பக்கம் ஒதுக்கியதில் எனக்கு வருத்தமில்லை. சுற்றுலா செல்வோர் அதைத்தான் தேடிப் போகிறார்கள். ஆனால் டான்யூப் ஆறு கான்ஸ்டன்ட்சா துறைமுகத்தருகே கருங்கடலில் கலப்பதாக எழுதியிருப்பது சரியன்று. அங்கே கடலைத் தொடுவது 1984இல் திறக்கப்பட்ட, மனிதர் வெட்டிய கால்வாய். ஆறோ அதற்கு வெகு வடக்கே கிலியா, சுலினா, புனித ஜார்ஜ் என மூன்று கிளைகளாகப் பிரிந்து, நாணற்காடுகளின் ஊடே ஓடிக் கடலை அடைகிறது. நடுக்கிளையின் வாயில் இருக்கும் சிற்றூரான சுலினாவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லாததாலேயே இதை எழுதுகிறேன்.

சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்தபோது, 1982இல், டான்யூப் கரையிலுள்ள கலாட்ஸ் நகரில் எஃகு ஏற்றுவதற்காகச் சென்றோம். கப்பலை ஆற்றுக்குள் வழிநடத்தும் பைலட்டுக்காகச் சுலினாவுக்கு வெளியே இரண்டு நாள் நங்கூரமிட்டுக் கிடந்தோம். உள்ளே நுழைந்தபோது கடலின் பச்சை நீருக்கும் ஆற்றின் பழுப்பு நீருக்கும் இடையே கோடு கிழித்தாற்போல் ஓர் எல்லை தெரிந்தது. கரை அவ்வளவு நெருக்கம். வீட்டு வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த மூதாட்டியின் தலைத்துணியில் இருந்த பூக்களைக்கூடக் கப்பலின் மேல்தளத்தில் நின்றபடி பார்க்க முடிந்தது.

இவ்வளவு பெரிய கப்பல்கள் அந்தக் குறுகிய வாய்க்குள் எப்படி நுழைகின்றன என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. கிரிமியப் போர் முடிந்து 1856இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின்படி, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரியா, பிரஷ்யா, ரஷ்யா, சார்டினியா, துருக்கி ஆகிய ஏழு அரசுகள் சேர்ந்து டான்யூப் ஐரோப்பிய ஆணையத்தை அமைத்தன. இரண்டே ஆண்டுகளில் வேலையை முடித்துவிட்டுக் கலைந்துவிடும் என்று கருதப்பட்ட அந்த ஆணையம் எண்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அதன் தலைமைப் பொறியாளர் சார்ல்ஸ் ஹார்ட்லி விரும்பியதென்னவோ புனித ஜார்ஜ் கிளையைத்தான். செலவு குறைவு என்பதால் சுலினாவில் தற்காலிக வேலை மட்டும் செய்யச் சொன்னார்கள். முகத்துவாரத்தின் இருபுறமும் கடலுக்குள் அவர் நீட்டிய தடுப்புச் சுவர்கள் நீரோட்டத்தைக் குறுக்கியதால், ஆறு தன் வேகத்தாலேயே மணல்திட்டை அரித்துக்கொண்டு போனது. சுமார் 9 அடியாக இருந்த ஆழம் 1861க்குள் 16 அடியைத் தாண்டியது. தற்காலிகம் என்று தொடங்கிய வேலை அப்படியே நிலைத்துவிட்டது. பிறகு 1880 முதல் 1902 வரை ஆற்றின் வளைவுகளை வெட்டி நேராக்கியதில் பாதை சுமார் 20 கிலோமீட்டர் சுருங்கியது.

நம் ஊர் வாசகர்களுக்கு இதைவிடச் சுவையான செய்தி, நம் சிங்கப்பூரைப் போலவே சுலினாவும் ஒரு சுங்கமில்லாத் துறைமுகமாக இருந்தது என்பதுதான். 1870இல் கிடைத்த அந்தத் தகுதி 1931 வரை இருந்தது. கிரேக்கர்களே அதிகம், அவர்களோடு ருமேனியர், துருக்கியர், ஆர்மேனியர், யூதர், ஆங்கிலேயர் எனப் பலரும் குடியேறினர். பதினேழாம் நூற்றாண்டில் ரஷ்யத் திருச்சபை சடங்குகளை மாற்றியபோது அதை ஏற்காமல் வெளியேறியவர்களின் வழிவந்த லிப்போவான் மக்கள் இன்றும் கழிமுகமெங்கும் மீன்பிடித்து வாழ்கிறார்கள். தெருக்களுக்குப் பெயர்கூட வைக்காமல் முதல் தெரு, இரண்டாம் தெரு என்று எண்ணிட்டிருக்கிறார்கள். பல மொழிக்காரர்கள் வாழ்ந்த ஊரில் அதுவே சச்சரவில்லாத வழியாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

திரும்பும் வழியில் பலத்த காற்று தணிவதற்காக ஒருநாள் கட்டிக் கிடந்தபோது கரையிறங்கி, ஊருக்கும் கடற்கரைக்கும் நடுவிலுள்ள கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து சென்றேன். சமயத்துக்கு ஒரு பகுதியாகப் பிரித்திருந்தார்கள். ஆங்கிலேயர் பகுதியில், 1868இல் நீரில் விழுந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றக் குதித்துத் தானும் மூழ்கிப்போன கப்பல் அதிகாரி ஒருவரின் கல்லைப் படித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கிறிஸ்துவர், முஸ்லிம், இந்து என்று பகுதி பகுதியாக இருந்த நம் பிடாடாரி கல்லறைத் தோட்டம் அப்போது நினைவுக்கு வந்தது. பிடாடாரியில் இப்போது அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன.

ஆணையம் கட்டிய பழைய கலங்கரை விளக்கம் அந்நாளில் கடலோரத்தில் நின்றது. இன்று ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே ஊர் நடுவில் நிற்கிறது. தெலுக் ஆயர் நாகூர் தர்கா வாசலில் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்றால் இளையோர் நம்ப மறுப்பார்கள் அல்லவா, அதைப் போலத்தான். ஒரு வேறுபாடு: இங்கே நாம் மண் கொட்டிக் கடலை விலக்கினோம், அங்கே ஆறே வண்டலைக் கொட்டி விலக்கிவிட்டது. கான்ஸ்டன்ட்சா கால்வாய் திறந்த பின் கப்பல்களுக்கு வேறு வழி கிடைத்தது. ஊரின் மக்கள்தொகை இப்போது 4,000க்கும் குறைவு. துல்ச்சா நகரிலிருந்து படகேறித்தான் போக வேண்டும்.

திருத்தம் வெளியிடும்போது சிறு வரைபடம் ஒன்றும் சேர்த்தால் நன்று. ஆற்றைப் பிறப்பிடத்திலிருந்து அளப்பதுதான் நமக்குப் பழக்கம். டான்யூபையோ கடலிலிருந்து மேல்நோக்கி அளக்கிறார்கள். அந்தக் கணக்கின் சுழியம் சுலினாவின் பழைய கலங்கரை விளக்கம். அந்தப் புள்ளியை மட்டும் விட்டுவிடாமல் குறிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி,
ஈசூன்