எஃப்யூபி முடிஞ்சா வீட்டு நெட்டும் முடிஞ்சுதா? ட்ராய்க்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைய (ட்ராய்) தலைவர், உறுப்பினர்களுக்கு வணக்கம்.

டேட்டா லிமிட் முடிஞ்சதும் ஸ்பீடைக் குறைக்கிற எஃப்யூபி விதி பத்தி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல, லிமிட் முடிஞ்சாலும் வீட்டு பிராட்பேண்ட் 512 கேபிபிஎஸ்க்கு (சுமார் அரை எம்பிபிஎஸ்) கீழ போகக்கூடாதுன்னு 2016-ல உத்தரவு போட்டதே நீங்கதான். அன்னிக்கு அது பெரிய விஷயம், மறுக்கல. இன்னிக்கு அந்தக் குறைஞ்சபட்ச ஸ்பீடை 10 எம்பிபிஎஸ் ஆக்குங்கன்னு கேக்கத்தான் இந்த மடல்.

நான் தென்காசியில வீட்லருந்தே கல்யாண வீடியோ எடிட் பண்றேன். ப்ளான் 100 எம்பிபிஎஸ், 1000 ஜிபி, அதுக்கு மேல 2 எம்பிபிஎஸ். முழு ஸ்பீடுல ஓட்டுனா அந்த 1000 ஜிபி 22 மணி நேரத்துல காலி, பேரு மட்டும் மாச ப்ளான்! ஆவணி முகூர்த்தம்னா சென்னை ஸ்டுடியோக்காரங்க 4கே ஃபுட்டேஜை ஆன்லைன் டிரைவ்ல போட்டுட்டு "அண்ணே புதன்கிழமைக்குள்ள வேணும்"னு மெசேஜ் தட்டிருவாங்க, இறக்குறதும் கணக்கு ஏத்துறதும் கணக்கு, இந்தத் தடவை லிமிட் தாண்டுனப்புறம் 40 ஜிபி ஃபைல் ஏத்தப் போனா ரெண்டு நாள் ஆகும்னு காட்டுது, நடுவுல கரண்ட் வேற போச்சு, மறுபடி முதல்லருந்து. கடைசியில ஹார்ட் டிஸ்க்கை பஸ் பார்சல்ல போட்டு விட்டேன், காலையில சென்னையில எடுத்துக்கிட்டாங்க. கஸ்டமர் கேர்ல கேட்டா ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்றாங்க.

பிரிட்டன்ல 2020-லருந்து 10 எம்பிபிஎஸ் கனெக்ஷன் கேட்டு வாங்குறது சட்டப்படி உரிமை. அமெரிக்காவுல 2024-ல பிராட்பேண்ட்னா டவுன்லோடு 100 எம்பிபிஎஸ், அப்லோடு 20-ன்னு உசத்திட்டாங்க. நமக்கு பிராட்பேண்ட்னு சொல்லத் தேவையான குறைஞ்சபட்ச ஸ்பீடே 2023-லதான் 512 கேபிபிஎஸ் போயி 2 எம்பிபிஎஸ் ஆச்சு, அதே வருஷம் 6ஜி விஷன்னு ஒரு டாக்குமென்டும் வந்துச்சு, நல்லா இருங்க. அமெரிக்காவுல மாசம் 1.2 டிபி (1200 ஜிபி) லிமிட் வச்ச கம்பெனியும் இருந்துச்சுதான், ஆனா தாண்டுனா கூடுதலா டாலர் கேப்பாங்க, கழுத்தை நெரிச்சு 2 எம்பிபிஎஸ்ல விடல. இங்க விலை கம்மின்னு சொல்வீங்க. உண்மைதான், அதுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டிட்டுத்தான் இருக்கோம்.

கோவத்துல எதாவது கூடப் பேசியிருந்தா பொறுத்துக்கோங்க. லிமிட்டே வேணாம்னு நான் கேக்கல. லிமிட் முடிஞ்சப்புறம் 10 எம்பிபிஎஸ்க்கு கீழ இறக்கக்கூடாது, அவ்ளோதான். உடனே உத்தரவு போட முடியலன்னா ஒரு கன்சல்டேஷன் பேப்பராவது விடுங்க, கருத்து எழுதி அனுப்ப நாங்க நிறைய பேர் இருக்கோம்.

இப்படிக்கு,
தென்காசியிலிருந்து ஒரு வீடியோ எடிட்டர்