காக்கா ஆழியும் உன் தண்ணீர்த் தொட்டியும்

திருவொற்றியூர்,
மாசி முதல் வாரம்.

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே எழுதாததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, இடது கண்ணில் புரை அறுவை. பத்து நாள் எதையும் படிக்கக் கூடாது, குனியக் கூடாது என்று புத்தகம், பேனா எல்லாவற்றையும் வீட்டில் பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். மற்றது, நீ கேட்ட கேள்விக்கு விடை தேடப் போய்ச் சேற்றில் காலை விட்டுவிட்டேன். அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, முழங்கால்வரை உண்மையான சேறு.

மொட்டை மாடித் தொட்டியின் விரிசலில் எபாக்சி பசையை மூன்று முறை அப்பியும் ஈரத்தில் உரிந்து வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். முப்பது வருடம் பரப்பு இழுவிசை நடத்திய வாத்தியார் ஒரு விரிசலிடம் தோற்றதை நினைத்துச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. வேதியியல்காரன் நீ சொல், தண்ணீருக்குள் எதுதான் ஒட்டும் என்று கேட்டிருந்தாய் அல்லவா? ஒட்டுகிற ஒன்று எங்கள் எண்ணூர்க் கழிமுகத்தில் கால் வைக்க இடமில்லாமல் கிடக்கிறது. அங்கே அதைத் திட்டாத வாய் இல்லை.

காட்டுக்குப்பத்து அண்ணனை உனக்கு நினைவிருக்கும். கல்லூரி நாட்களில் நம் இருவரையும் கட்டுமரத்தில் ஏற்றி, நீ வாந்தி எடுத்ததை இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறவர். இப்போது அவரிடம் ஃபைபர் படகு. கண் கட்டு பிரித்த மறுவாரம், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துக் கொசஸ்தலை ஆற்றுக்குள் அழைத்துப் போனார். ஒரு பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், மறுபக்கம் அலையாத்திப் புதர்களில் கொக்குகள். அந்தக் காட்சி மாறவில்லை. மாறியிருந்தது காலுக்கடியில். முன்பு மெத்தென்று அமுங்கிய சேறு இப்போது நறநறவென்றது. குனியக் கூடாது என்ற மருத்துவரின் சொல்லை மறந்து குனிந்து பார்த்தேன். கறுப்புக் கம்பளம் விரித்ததுபோல ஆழிகள், இரட்டை ஓட்டுச் சிப்பி வகை. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஒன்றை இழுத்தால் முப்பது சேர்ந்து வருகின்றன, சேற்றோடும் ஒன்றோடொன்றும் மெல்லிய நார்களால் கட்டுண்டு.

‘காக்கா ஆழி’ என்றார் அண்ணன். நல்ல உணவான பச்சை ஆழியை மரியாதையாகச் சொல்கிற அதே வாய் இதைச் சொல்லும்போது சுளிக்கிறது. காரணம் இருக்கிறது. இறால் பகலில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்களை நீயும் பார்த்திருக்கிறாய். கம்பளம் மூடிய இடத்தில் இறால் எங்கே புதையும்? தடவுகிற கையைத்தான் ஓடு கிழிக்கிறது. மஞ்சள் மட்டி கிடந்த இடங்களிலும் இப்போது இதுதான். பச்சை ஆழியும் ஒதுங்கிவிட்டது. சூழலியல் பாடத்தில் ‘அயல் ஊடுருவி இனம்’ என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். அங்கே நின்று பார்த்தால் அது ஒரு வீட்டின் அடுப்பு.

பிறந்த ஊர் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா. கப்பல் பாரம் சமன்செய்ய வயிற்றில் நிரப்பிக்கொள்ளும் கடல்நீரில் இதன் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் மிதந்து வந்திருக்கலாம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. அப்படி வருவதைத் தடுக்கவே ஒரு சர்வதேச உடன்படிக்கை 2004-ல் உருவாகி 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பதின்மூன்று வருடத்துக்குள் இது பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர் என்று ஊர் ஊராகக் குடியேறிவிட்டது. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் இருக்கிறது. 1986-ல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஒரு மின் நிலையத்தின் குளிர்நீர்க் குழாய்களை அடைத்தது. அடுத்து வந்த குளிர்காலத்தில் அங்கே செத்துப்போயிற்று. நம் எண்ணூரின் மார்கழிக் குளிர் ஒரு சால்வைக்குக்கூடக் காணாது. அந்த நம்பிக்கையும் இல்லை.

இனி என் அக்கா மகள் கதை. மாதவரம் பால்பண்ணையில் இருக்கிற கால்நடைப் பல்கலைக்கழகத்தில் மரபியல் ஆய்வு செய்கிறாள் என்று முன்பே எழுதினேன். மெட்ராஸ் ரெட் செம்மறிதான் அவளுக்கு உலகம். நம் பக்கத்துச் செந்நிற ஆடுதான், சிறுவயதில் பொன்னேரிச் சந்தையில் பார்த்திருப்பாய். ஒரு டப்பா நிறைய ஆழியைக் கொண்டுபோய் அவள் மேசையில் வைத்தேன். நாற்றம் தாங்காமல் என்னை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டாள். அங்கே நின்றபடி அவள் சொன்னதில் பாதியாவது உனக்குச் சொல்லியாக வேண்டும்.

இந்த ஆழியைக் கண்ணால் பார்த்து இனம் சொல்வது கடினமாம். கறுப்பு, பழுப்பு, பச்சை, ஆரஞ்சு, வரிக்குதிரைக் கோடு என்று ஒரே இனத்துக்குள் எத்தனையோ உடை. அதனால் மரபணுவைப் படிக்கிறார்கள். செல்லுக்குள் இருக்கும் இழைமணியிலுள்ள (மைட்டோகாண்ட்ரியா) ஒரு மரபணுவின் சுமார் 650 எழுத்துகள் போதும், எந்த விலங்கு என்று சொல்லிவிடலாம் என்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் 2003-ல் முன்மொழிந்த வழி அது. அதற்கு முன்பும் பின்பும் இதன் அறிவியல் பெயரிலேயே ஒரு குழப்பம்: வெகுகாலம் மைட்டெல்லா சாருவானா என்று எழுதினார்கள், 2018-ல்தான் ஸ்ட்ரிகேட்டா என்ற பெயருக்கே முன்னுரிமை என்று தீர்ந்தது. அது 1843-லேயே வைக்கப்பட்ட பெயர். ஆய்வுலகம் பெயர் தேடிக்கொண்டிருந்தபோது எண்ணூர்க்காரர்கள் காக்கையை வைத்து வேலையை முடித்துவிட்டார்கள்.

அதைவிட என்னைத் தூங்கவிடாதது வேறு. இழைமணி தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் என்று நானே பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆட்டுக்கும் மனிதனுக்கும் அது சரி. ஆழிக் குடும்பத்தில் பல இனங்களில் தாயின் இழைமணி எல்லாப் பிள்ளைகளுக்கும் போகிறது; அதோடு தகப்பனின் இழைமணி மகன்களுக்கு மட்டும் தனியாகப் போகிறது. தந்தை வழிச் சொத்து மகனுக்கு மட்டும்! 1990-களின் தொடக்கத்தில் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இனம் பார்க்க எந்தத் திசுவை எடுத்தோம் என்று கவனிக்காவிட்டால் ஒரே ஆண் ஆழியிலிருந்து இரண்டு விடை வரும் என்றாள். இந்த வயதிலும் ஆழிக்குச் சட்டம் பேசப் போகாதீர்கள் மாமா, தொட்டிக்குப் பசை தேடிய வேலையைப் பாருங்கள் என்று துரத்தியும் விட்டாள்.

சரி, பசைக்கு வருகிறேன். கீழே சொல்வதெல்லாம் குளிர்ந்த கடல்களில் வாழும் இதன் உறவுக்கார ஆழிகளிடம் கற்றுக்கொண்டது. காக்கா ஆழியை யாரும் இந்த அளவு மரியாதையோடு நடத்தியதாகத் தெரியவில்லை.

1981-ல் ஹெர்பர்ட் வெய்ட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் கூட்டாளியும் ஆழியின் பசைப் புரதத்தில் டோபா என்ற அமினோ அமிலம் ஏராளமாக இருப்பதைக் கண்டார்கள். உன் ஊர்ப் பக்கம் மருந்துக் கடைகளில் பூனைக்காலி விதை விற்கிறார்களே, அதிலிருப்பதும் இதே டோபாதான். நடுக்குவாத நோய்க்குக் கொடுப்பது. பென்சீன் வளையத்தில் பக்கம் பக்கமாக இரண்டு ஹைட்ராக்சில். பாறையிலுள்ள உலோக அணுவை இரண்டு விரலால் கிள்ளிப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொள்ளும். ஆனால் உன் எபாக்சி தோற்ற இடம் அதற்கும் முந்தியது. கடல் பாறையின்மேல் உப்பு அயனிகளும் தண்ணீரும் முதலிலேயே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை எழுப்பாமல் யாரும் உட்கார முடியாது. பசைப் புரதத்தில் டோபாவுக்குப் பக்கத்திலேயே லைசின் இருக்கிறது. அதன் நேர்மின்சுமை உப்பு அயனியைத் தள்ளி இடம்பிடிக்கிறது, டோபா வந்து அமர்கிறது. 2015-ல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. பஸ்ஸில் துண்டு போட ஓர் ஆள், உட்கார ஓர் ஆள், அவ்வளவுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சமையலறை. வாழைத்தண்டை நறுக்கினால் உடனே மோர் கலந்த தண்ணீரில் போடுகிறார்களே, ஏன்? காற்றுப் பட்டால் கறுக்கும், புளிப்பு அதைத் தள்ளிப்போடும். அங்கே கறுப்பதும் டோபாவின் ஜாதிப் பொருள்தான். டோபா காரத்தன்மையுள்ள கடல்நீரில் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் பிடிப்பை இழக்கும். ஆகவே ஆழி என்ன செய்கிறது? கால் என்று சொல்லப்படும் நாக்குப் போன்ற உறுப்பைப் பாறையில் பதித்து, தொட்டிக் குழாய் அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணம்போலக் கவிழ்த்து மூடிக்கொண்டு, உள்ளே அமிலச் சூழலை உண்டாக்கி, அதற்குள் பசையை ஊற்றுகிறது. ஆழியின் மோர்! என் மனைவியிடம் சொன்னேன். வாழைத்தண்டை எடுத்து வைத்துவிட்டு, நறுக்குவது யார் என்று கேட்டாள்.

நார் உன் துறை, நான் குறுக்கே வரவில்லை. ஒன்றே ஒன்று: நாரின் மேல்தோல் எபாக்சியைப் போலக் கடினம், ஆனாலும் முக்கால் பங்கு கூடுதல் நீளத்துக்கு இழுபடுகிறது. கடினமும் நீட்சியும் ஒரே பொருளில் சேராது என்று நீதானே அடித்துச் சொல்வாய்? ஓர் இரும்பு அயனியை மூன்று டோபா சூழ்ந்து பிடித்துக்கொள்வதில் இருக்கிறது சூட்சுமம். இழுத்தால் பிடி விடுகிறது, விட்டால் மறுபடி பிடிக்கிறது. அலையின் அடியை நார் இப்படியே வாங்கிக்கொள்கிறது.

இதைப் பார்த்து ஆய்வுக்கூடங்கள் சும்மா இருக்குமா? அறுவைக் காயம் ஒட்ட, ஈரத்தில் ஒட்டும் பிசின்கள் செய்ய என்று உலகமெங்கும் முயற்சி. 2007-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டோபாவின் நெருங்கிய உறவான டோபமினை லேசான காரக் கரைசலில் கலந்து எதை முக்கினாலும் மேலே படலம் படிவதைக் கண்டார்கள். அதற்கு முன்பெல்லாம் ஒரு கிராம் பசைப் புரதம் எடுக்கச் சுமார் 10,000 ஆழிகள் வேண்டும் என்பார்கள். அண்ணனிடம் இதைச் சொன்னேன். ஒரு படகு அனுப்பச் சொல்லுங்கள், காசு வேண்டாம், அள்ளிக்கொண்டு போகட்டும் என்றார்.

சிரித்துவிட்டு வந்தாலும் எனக்கு ஆற்றாமைதான். ஒட்டுவதைப் பற்றி இத்தனை அறிவு சேர்ந்திருக்கிறது. பிரித்தெடுப்பதற்கு எண்ணூரில் இருப்பது இரும்புக் கம்பியும் வெறும் கையும். 2017-ல் கப்பல் மோதிக் கரையில் எண்ணெய் ஒதுங்கியபோது வாளியால் அள்ளினார்களே, அதே கை. வாரிப் போட்டால் தீருமா என்றால் அதுவும் இல்லை. உதிர்ந்த துண்டுகள் அடுத்த ஓடையில் கட்டிக்கொள்கின்றன, தண்ணீரில் குஞ்சுகள் எப்போதும் இருக்கின்றன. பிடிப்பை வியக்கிற ஆய்வாளர் ஒருவர், அந்தப் பிடியைத் தளர்த்துவது எப்படி என்று நான்கு நாள் கொசஸ்தலையில் நின்றால் தேவலை. மோரை மாற்றி யோசித்தால் போதாதா என்றுகூட ஒரு நாள் இரவு எனக்குத் தோன்றியது. ஆற்றுக்கு மருந்து ஊற்றினால் இறாலும் போய்விடும் என்று காலையில் நானே அடித்துவிட்டேன்.

மற்றபடி இங்கே நலம். கோயிலில் மாசித் திருவிழா நெருங்குகிறது. மகிழடி சேவைக்கு நீயும் தங்கையும் வரலாம் என்று போன வருடமும் சொன்னாய். மெட்ரோ விம்கோ நகர்வரை ஓடுவதால் சென்ட்ரலில் இறங்கி அலைய வேண்டியதில்லை.

இத்துடன் ஒரு பொட்டலம் கூரியரில் வருகிறது. படகுக் கயிற்றின் ஒரு முழம், ஆழிகள் ஒட்டியபடியே, நன்றாக வெயிலில் காயவைத்தது. தங்கை பார்க்குமுன் நீ பிரி. நார் காய்ந்து முறுகியிருக்கும். ஒரு மணி நேரம் உப்புத் தண்ணீரில் ஊறவை. பிறகு ஒற்றை நாராகப் பிரித்து, உன் பழைய சுருள்வில் தராசில் மாட்டி இழு. எத்தனை கிராமுக்கு அறுகிறது, அறுவது நாரா, அதன் நுனியில் கயிற்றோடு ஒட்டிய தட்டா என்று பத்து நாருக்காவது பார்த்து எழுது. அண்ணனும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தொட்டிக்கு இப்போதைக்கு ஒரே வழி: தண்ணீரை இறைத்துவிட்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டு அப்பு.

உன்,
ஏகாம்பரம்