சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் பள்ளிக்கூட பேஸ்கட்பால் டீமில் சேர்ந்துவிட்டாள். சாயங்காலமானால் கிரவுண்டுதான் எங்களுக்கு வீடு.

பேஸ்கட்பால் ஆட்டக்காரன் ஸ்டெஃபான் மார்பரியை ஞாபகம் இருக்கிறதா? மினசோட்டா அணியில் கெவின் கார்னெட்டுக்குப் பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தானே, நியூயார்க் கோனி ஐலண்டுப் பையன், அவன்தான். 1996-ல் அமெரிக்காவின் பெரிய பேஸ்கட்பால் லீகான என்.பி.ஏ.வுக்கு வந்தவன், 2004-ல் சொந்த ஊர் அணியான நிக்ஸுக்கே போய்ச் சேர்ந்தான். அங்கேதான் எல்லாம் கெட்டது. கோச்சுகளோடு தகராறு, சொந்த ஊர் ரசிகர்களின் கூச்சல். அந்தக் கஷ்டத்துக்கு நடுவில் அப்பாவும் இறந்துபோனார். கடைசியில் அவனை ஆடவே விடவில்லை. 2009-ல் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். ஆட்டத்துக்கு இருபது புள்ளியை ஒட்டி எடுத்துவந்தவனடா அவன்!

2010-ல் சீனாவுக்குப் போனான். முதலில் ஷான்சி அணி, அப்புறம் ஃபோஷான், 2011-ல் பெய்ஜிங் டக்ஸ். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் அங்கே ஒரு சீசன் ஆடிவிட்டுச் சம்பளத்தோடு கிளம்பிவிடுவது வழக்கம். இவன் அந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டான். கூட்ட நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெட்ரோ ரயிலில் பிராக்டிஸுக்குப் போவானாம். எனக்கு அவனிடம் ரொம்பப் பிடித்தது அதுதான். அதுவரை சீன லீக் கோப்பையே வாங்காத பெய்ஜிங், 2012 இறுதிச் சுற்றில் நடப்புச் சாம்பியன் குவாங்டாங் அணியை 4-1 என்ற ஆட்டக் கணக்கில் சாய்த்தது. முடிந்ததும் மார்பரி தேம்பி அழுதான். அதே வருஷம் ஸ்டேடியத்துக்கு வெளியே அவனுக்குச் சிலையே வைத்தார்கள்.

2014, 2015-லும் கோப்பை. 2015 இறுதிச் சுற்றில் 38 வயதில் அவன்தான் சிறந்த ஆட்டக்காரன். மறுவருஷம் சீனாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் கிடைத்தது. 2018-ல் ஓய்வு பெற்றதும் பெய்ஜிங்கில்தான்.

நியூயார்க்கிலும் அவனிடம் திறமை இருந்தது. அவனை வேண்டும் என்று நினைத்த ஆட்கள்தான் இல்லை. உன் ஆபீஸ் விவகாரத்தைப் படித்தபோது இவன் நினைப்புத்தான் வந்தது. இத்தனை வருஷ அனுபவத்தை ஒரு மூலையில் உட்காரவைத்து வீணடிக்கிறார்கள். மஸ்கட்காரர்கள் தாங்களாகவே இரண்டாம் தடவையும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றால் யோசிக்காதே, போ. நாற்பத்தெட்டு ஒரு வயசா?

அம்மாவைத் தனியே விடுவதுதான் உன் தயக்கம் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் சின்னவளும் போய்ப் பார்த்துக்கொள்கிறோம். மருந்துச் சீட்டை மட்டும் ஒரு நகல் எடுத்து அனுப்பு. பாஸ்போர்ட் தேதி முடிந்துவிட்டதா என்று இன்றைக்கே எடுத்துப் பார்.

அன்புடன்,
மணி