என்ஓ கேட்டேன், என்சி வந்தது: ஒரு பிரஷர் சுவிட்ச் குறித்த புகார்

அனுப்புநர்
லேத் பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தங்கள் நிறுவனம், சென்னை.

பொருள்: கேட்ட பிரஷர் சுவிட்சுக்குப் பதிலாக, நேர்மாறாக வேலை செய்யும் சுவிட்ச் அனுப்பியது, மாற்றித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

சென்ற மாதம் உங்களிடம் 2,850 ரூபாய் கொடுத்து, காற்றழுத்தத்தைப் பொறுத்து மின்சாரத்தை இணைக்கவோ துண்டிக்கவோ செய்யும் ஒரு பிரஷர் சுவிட்ச் வாங்கினேன். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் நான் கேட்ட மாடல் எண் இருந்தது. உள்ளே இருந்த சுவிட்சில் வேறு எண். சீட்டை நம்பிப் பொருத்திவிட்டேன். மல்ட்டிமீட்டரை எடுத்து இரண்டு முனைகளையும் ஒரு முறை தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். முப்பது வருடமாகப் பட்டறை நடத்துகிறவன் அதைச் செய்யாமல் விட்டது என் பிழை. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மூன்று முறை போனில் பேசியும் உங்கள் ஆட்கள் தங்கள் பிழையை ஒரு முறைகூட ஒப்புக்கொள்ளவில்லை.

எதற்காக வாங்கினேன் என்று ஆர்டர் கொடுக்கும்போதே ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். யாரும் படித்ததாகத் தெரியாததால் மீண்டும் எழுதுகிறேன். என்னிடம் 1,298 சிசி பழைய மாருதி எஸ்டீம் ஒன்று இருக்கிறது. டீசல் வண்டியிலிருந்து கழற்றிய சிறிய டர்போவை அதில் நானே பொருத்தியிருக்கிறேன். சாலையில் ஓட்டுவதில்லை, டிரெய்லரில் ஏற்றிச் செட்டிப்பாளையம் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டுவதோடு சரி. அதிகபட்ச பூஸ்ட், அதாவது டர்போ காற்றுக்குத் தரும் கூடுதல் அழுத்தம், 0.8 பார், பெட்ரோல் பங்க் கணக்கில் பன்னிரண்டு பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைக்க முன்னால் இடமில்லை. 35 டிகிரி வெயிலில் உள்ளே போகும் காற்று, டர்போ அழுத்தி அனுப்பும்போது நூறு டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அந்தச் சூட்டில் பெட்ரோல் முறைதவறி வெடித்து, பிஸ்டன் தலையில் சுத்தியால் தட்டுவதுபோல் ‘நாக்’ அடிக்கும். சில நிமிடம் அப்படி அடித்தாலே பிஸ்டன் போய்விடும்.

அதைத் தடுக்கத்தான் தண்ணீரையும் ஆல்கஹாலையும் சரிபாதி கலந்து, டயஃப்ரம் பம்ப் மூலம் ஒரு நாசில் வழியே காற்றுக்குழாயில் தூவுகிறேன். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,250 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். பெட்ரோல் 350 அளவில்தான் எடுக்கும். ஆல்கஹால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும், ஆனால் தானும் எரிந்து பலம் தரும். வெளிநாடுகளில் இதற்கு மெத்தனால் ஊற்றுகிறார்கள். இங்கே அது உரிமம் இல்லாமல் கிடைக்காது. 2024இல் கள்ளக்குறிச்சியில் நடந்ததைப் பார்த்த பிறகு, கிடைக்க வேண்டும் என்று நானும் விரும்பவில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை வைத்தே ஒப்பேற்றுகிறேன்.

இந்தக் கலவை எந்த நேரத்தில் தூவப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சுவிட்ச். அதனால்தான் தேர்ந்தெடுக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். நான் கேட்டவை இவ்வளவுதான்: பூஸ்ட் ஏழு பவுண்டுக்கு ஏறும்போது இணைய வேண்டும். அதற்குக் கீழே துண்டித்தே இருக்க வேண்டும். அதாவது நார்மலி ஓப்பன், என்ஓ. இணைவதற்கும் துண்டிப்பதற்கும் இடையே ஒரு பவுண்டுக்கு மேல் வித்தியாசம் கூடாது. இன்ஜின் சும்மா ஓடும் ஐடிலில், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் வெற்றிடம்தான் இருக்கும் என்பதால், சுவிட்சின் உள்ளிருக்கும் டயஃப்ரம் அதையும் தாங்க வேண்டும். மரை, எட்டில் ஒரு அங்குல என்பிடி என்ற அமெரிக்க வகை. உங்கள் விற்பனையாளர் “எல்லாம் இருக்கிறது சார்” என்றார்.

வந்தது என்சி, அதாவது நார்மலி குளோஸ்டு, அழுத்தம் இல்லாதபோது இணைந்தே இருப்பது. பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் இருக்கும் சுவிட்சின் தம்பி. தொட்டியில் காற்று குறைந்தால் மோட்டாரை ஓடவிடும், ஏறினால் நிறுத்தும். அந்த வேலைக்கு அது நல்ல சுவிட்சாகவே இருக்கலாம். என் வண்டியில் அது, தூவக் கூடாத நேரமெல்லாம் தூவி, தூவ வேண்டிய நேரத்தில் நிறுத்திக்கொள்ளும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சாவியைத் திருப்பியதுமே பம்ப் ஓடத் தொடங்கியிருக்கிறது. பெட்ரோல் பம்பின் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். இன்ஜின் பிடித்தது, இருமியது, நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை ஸ்டார்ட்டர் பாதிச் சுற்றில் தடுமாறி நின்றபோதுதான் உறைத்தது. பிளக்குகளைக் கழற்றிச் சுற்றவிட்டேன். மூன்றாவது சிலிண்டரிலிருந்து கலவை பீச்சியடித்தது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. இன்னும் கொஞ்சம் சேர்ந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். நாசில் சிறியதாக இருந்ததால் தப்பித்தேன்.

அன்று மாலையே சைக்கிள் பம்ப், டயர் கேஜ், ஒரு பல்பு ஆகியவற்றை வைத்துச் சுவிட்சைச் சோதித்தேன். அழுத்தம் இல்லாதபோது பல்பு எரிந்தது. திருகை எவ்வளவு தளர்த்தினாலும் ஒன்பது பவுண்டுக்கு முன்னால் அணையவில்லை. காற்றை விட்டால் நான்கு பவுண்டுக்கு இறங்கிய பிறகே மீண்டும் எரிந்தது. ஐந்து பவுண்டு இடைவெளி கம்ப்ரஸருக்கு நல்லது, மோட்டார் ஓயாமல் நின்று நின்று ஓடாது. எனக்கோ, இது சரியான பக்கம் வேலை செய்திருந்தாலும், ஏழில் தொடங்கிய தூவல் இரண்டில்தான் நிற்கும். வளைவில் காலைத் தளர்த்திப் போகும்போதெல்லாம் இன்ஜின் நனைந்துகொண்டே இருக்கும்.

இனி உங்கள் பதில்களுக்கு வருகிறேன். முதலில் பேசியவர், “இரண்டும் ஒரே விலைதான் சார்” என்றார். விலையைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

இரண்டாமவர் தொழில்நுட்பப் பிரிவு. சுவிட்ச் இயக்கும் ரிலேதான் பம்புக்கு மின்சாரம் தருகிறது; அதில் ரிலே இயங்கும்போது இணையும் 87 முனையில் இருக்கும் பம்பை, ஓய்வில் இணையும் 87ஏ முனைக்கு மாற்றினால் எல்லாம் தலைகீழாகி, என்சி சுவிட்சே என்ஓ போல வேலை செய்யும் என்றார். உண்மைதான், செய்யும். ஆனால் சுவிட்சுக்குப் போகும் வயர் அதிர்வில் அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பதில் இல்லை, நான் சொல்கிறேன். ரிலே ஓய்வுக்கு வரும், 87ஏ இணையும், பம்ப் நிற்காமல் ஓடும். மறுபடியும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். நான் திட்டமிட்டபடி என்ஓ இருந்தால், வயர் அறுந்தால் பம்ப் ஓடாது, டாஷ்போர்டில் பம்புக்காக வைத்திருக்கும் சிறு விளக்கும் எரியாது, நான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன்.

மூன்றாமவர், காரில் ஆல்கஹால் தூவுவது விளையாட்டு வேலை என்றும் உங்கள் பொருள் தொழிற்சாலைகளுக்கானது என்றும் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் எம்டபிள்யூ 50 என்ற பெயரில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து தூவித்தான் பறந்தன. 1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில், ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை இந்தக் கலவைக்கென்று ஒரு தொட்டியோடு விற்பனைக்கே கொண்டுவந்தது. தொட்டி காலியானால் பூஸ்ட் தானே குறையும்படி அதில் ஒரு தடுப்பும் வைத்திருந்தார்கள். பழுதானால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று அன்றே யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனையில் பாதிகூட உங்கள் 87ஏ ஆலோசனையில் இல்லை. அதோடு, பணத்தை வாங்கும்போது நான் தொழிற்சாலை இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்தே இருந்தது.

மரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வந்தது என்பிடி அல்ல, பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் வகை. இந்த அளவில் என்பிடிக்கு அங்குலத்துக்கு 27 புரி, பிஎஸ்பிக்கு 28. முதல் இரண்டு சுற்று ஏறும். அதற்கு மேல் முறுக்கினால் ஏறுவது சுவிட்ச் அல்ல, வாங்கியவனின் ரத்தக் கொதிப்பு. டெஃப்லான் டேப்பைக் கூடுதலாகச் சுற்றச் சொன்னார்கள். மரை வெட்டியே பிழைக்கிறவனிடம் இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

நான் கேட்டது உங்களிடம் இருப்பில் இல்லையென்றால் இல்லை என்று சொல்லியிருக்கலாம், காத்திருந்திருப்பேன். வேறொன்றை எடுத்து, என் எண்ணை ஒட்டி அனுப்பியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எனவே, இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் நான் கேட்ட அதே மாடலை உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் 2,850 ரூபாயும் கூரியர் கட்டணம் 120 ரூபாயும் திரும்ப வேண்டும். நான்கு பிளக்குகளுக்கும், நனைந்துபோன இன்ஜின் ஆயிலை மாற்றியதற்கும் ஆன 2,400 ரூபாயை இரண்டு வகையிலும் எதிர்பார்க்கிறேன். பில்கள், பெட்டிச் சீட்டு, சுவிட்ச் ஆகியவற்றின் படங்களையும் சோதனையின் வீடியோவையும் இணைத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால் சென்னைக்கு வர வேண்டிய சிரமமும் எனக்கு இல்லை.

சுவிட்சைத் திருப்பி அனுப்பத் தயாராக இருக்கிறேன், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மரையில் டெஃப்லான் டேப் சுற்றியிருக்கிறது என்று காரணம் காட்டிப் பொருளை மறுக்க வேண்டாம். அதைச் சுற்றச் சொன்னவர்கள் நீங்கள்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.