எங்களைச் சோம்பேறிகள் என்று எழுதலாமா?

அன்புள்ள ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரின் பிள்ளை வளர்ப்புப் பகுதியில் ஒரு தாய் கேள்வி கேட்டிருந்தார். பள்ளியில் முதலாமாண்டு படிக்கும் மகள் தினமும் காலையில் அழுகிறாள், பள்ளி வேனைக் கண்டாலே வாந்தி எடுக்கிறாள், கொஞ்ச காலம் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமா என்பது கேள்வி. உங்கள் பகுதியில் பதில் எழுதுபவர், "காலையில் எழுந்து பிள்ளையைக் கிளப்பி அனுப்பச் சோம்பல்படும் பெற்றோர்தான் வீட்டில் வைத்துப் படிப்பிப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள்" என்று எழுதிவிட்டார். இரண்டு நாள் கண்டிப்பாக இருந்தால் மூன்றாம் நாள் பிள்ளை தானாகப் போய்விடுமாம்.

மாமியார் காலத்திலிருந்து உங்கள் பத்திரிகையை வாங்கும் வீடு எங்கள் வீடு. கோபத்தோடு எழுதக்கூடாது என்று புதன்கிழமை வரை பொறுத்துப் பார்த்தேன். அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை.

என் மகனை நான் வீட்டில் வைத்துத்தான் படிக்கவைக்கிறேன். மலேசியக் கல்வியமைச்சின் அனுமதி வாங்கித்தான் செய்கிறேன். அவனுக்கு வலிப்பு நோய். முதலாமாண்டில் ஒருநாள் வகுப்பறையிலேயே வந்துவிட்டது. போன் வந்து நான் ஓடிப் போனபோது வலிப்பு நின்றிருந்தது. ஆனாலும் சிமெண்டுத் தரையில் மல்லாக்கப் போட்டு இரண்டு பேர் இன்னமும் அவன் கைகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கையில் ஒரு சாவிக்கொத்து. வாயில் கரண்டியை நுழைத்ததில் உதடு கிழிந்து சட்டைக் காலரெல்லாம் ரத்தம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைத்து, வாயில் ஒன்றும் திணிக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும் என்று மருத்துவமனைத் தாதி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பள்ளியில் கொடுத்தேன். யாரும் சுவரில் ஒட்டவில்லை. அடுத்த தடவையும் சாவிக்கொத்துதான். அதற்குப் பிறகு, "வேறு இடம் பார்த்தால் பிள்ளைக்கு நல்லதுதானே அம்மா" என்றார்கள். சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை 2019லேயே வந்துவிட்டது என்பதை உங்களைப் போன்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சோம்பல்படும் பெற்றோர் என்று எழுதியவர் எங்கள் வீட்டுக் காலையைப் பார்த்ததில்லை. விடிவதற்கு முன் எழுந்து, மருந்து கொடுக்கும் நேரம் தவறாமல் பார்த்து, சமையலை முடித்து, வீட்டுக்காரரைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, அன்றைய பாடத்தை நான் ஒருமுறை படித்துப் பார்க்கிறேன். நான் இடைநிலைப்பள்ளி ஐந்தாம் படிவத்தோடு நின்றவள். பின்னங்களை இந்த வயதில் மறுபடியும் படித்துத்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தும் தாய்மார்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஆனால் எங்களைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல எப்படி மனம் வந்தது?

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, வீட்டையே பள்ளியாக்கிய தாய்மார்கள் என்று உங்கள் பத்திரிகை முழுப் பக்கம் எழுதியது. அந்தப் பக்கத்தை நான் வெட்டி வைத்திருக்கிறேன். அன்றைக்குத் தியாகமாகத் தெரிந்த வேலை இன்றைக்கு எப்படிச் சோம்பலாகிவிட்டது, ஐயா?

உறவுக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுப் புண்பட்ட மனது இது. கோயிலில் பார்க்கும் அத்தைமார்கள், "தமிழ்ப்பள்ளியில் ஒரு தலையைக் குறைத்துவிட்டாயே" என்கிறார்கள். 150 பிள்ளைகளுக்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி என்பதும், நம் பள்ளிகள் பல அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன என்பதும் எனக்கும் தெரியும். 1816இல் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர் பினாங்கு. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. என் மகன் உங்கள் மாணவர் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் தமிழ் படித்தான். அப்புறம், "பரீட்சை எழுதாமல் என்ன ஆவான்?" என்று ஒரு கேள்வி. ஆறாமாண்டில் எழுதும் யூபிஎஸ்ஆர் தேர்வு 2021லேயே நீக்கப்பட்டுவிட்டது. மூன்றாம் படிவத்துப் பிடி3 தேர்வும் மறு வருடமே போய்விட்டது. ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வைத் தனியார் வேட்பாளராக எழுதலாம். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேறினால்தான் சான்றிதழ் என்பதால் இப்போதிருந்தே அந்த இரண்டையும் விடாமல் படிக்கவைக்கிறோம். இதையெல்லாம் உங்கள் பத்திரிகை ஒரு தடவையாவது விளக்கி எழுதியிருந்தால் அத்தைமார்களுக்கு நான் தனித்தனியாகப் பதில் சொல்லவேண்டி வந்திருக்காது. எஸ்பிஎம் முடிவு வந்தால் ஒன்பது பாடத்திலும் ஏ வாங்கிய பிள்ளைகளின் படங்களைப் பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். போடுங்கள், அந்தப் பிள்ளைகள் உழைத்தவர்கள். நோயோடு படிக்கும் பிள்ளைகளைப் பற்றி நான் முன்பு ஒரு கடிதம் எழுதினேன். அதில் உங்களுக்கு நன்றி சொல்லியிருந்த முதல் பத்தி மட்டும் அச்சில் வந்தது. விஷயம் இருந்த பகுதி வரவில்லை.

எனக்கு உருப்படியான யோசனை சொன்னவர்கள் எல்லாரும் இதைச் செய்துபார்த்த குடும்பங்கள்தான். பாலிக் பூலாவில் ஒரு மலாய்க்கார அம்மா, "பள்ளிக் கால அட்டவணையை வீட்டுச் சுவரில் ஒட்டாதே. பிள்ளை எப்போது தெளிவாக இருக்கிறானோ அப்போது கணக்கை எடு" என்றார். காலை மருந்து சாப்பிட்டதும் என் மகனுக்குக் கண் சொருகும். அந்த நேரத்தில் கணக்கைத் திணித்து அவனும் அழுது நானும் கத்திக்கொண்டிருந்த காலம் அந்த ஒரு பேச்சோடு முடிந்தது. இப்போது பத்து மணிக்கு மேல்தான் கணக்கு. பாயான் பாருவில் ஒரு சீனக் குடும்பம், எழுத்து வேலையை ஒரே மூச்சில் வாங்காதீர்கள், நடுவில் பாத்திரம் துடைக்கவாவது எழுப்பிவிடுங்கள் என்றது. பட்டர்வொர்த்தில் நம்மவர் ஒருவர், மூன்று பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைத்தவர், அடிக்கடி கூட்டி வரச் சொல்வார். பிள்ளைக்குக் கூட்டாளிகள் வேண்டும் என்பதில் அவர் கறாராக இருப்பார்.

அவர் வீட்டுக்குப் போகும் வழியில், 1985இல் திறந்த இந்தப் பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், 2014இல் திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர், எது எவ்வளவு நீளம் கூட என்று மகனிடம் கேட்டேன். முதலில் 11.5 என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கடலைப் பார்த்துக்கொண்டே, "பதினாலாக்க அரை வேணும், பதினாலிலிருந்து இருபத்து நாலுக்குப் பத்து, அப்போ பத்தரைம்மா" என்றான். தசமப் புள்ளியைக் கண்டால் பயப்படுகிற பிள்ளை அவன்.

இப்படிப்பட்ட குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று. கேள்வி கேட்ட அந்தத் தாய்க்கு அவர்கள் கிடைக்கவில்லை, அதனால்தான் உங்களிடம் வந்தார். ஒரு பிள்ளை வேனைக் கண்டு வாந்தி எடுத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பக்கத்தில் உட்காரும் பிள்ளை கிள்ளலாம். கழிப்பறைக்குப் போகப் பயப்படலாம். கரும்பலகை சரியாகத் தெரியாமல் இருக்கலாம், எழுத்துகள் குழம்பலாம். கண்ணையும் காதையும் சோதித்தீர்களா என்றாவது பதில் எழுதியவர் கேட்டிருக்க வேண்டாமா? காலையில் அவசரத்தில் கேட்டால் பிள்ளை சொல்லாது. சாயந்திரம் சாப்பிட்டுவிட்டு மடியில் படுத்திருக்கும்போது கேட்டால் சொல்லும். நான் தாயாக இருந்து கண்டது இது. கண்டிப்பைக் காட்டி அனுப்பினால் மூன்றாம் நாள் போகும்தான், ஏன் அழுதது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

அதைவிட எனக்குப் பயமாக இருப்பது வேறு. 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். கல்விச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் 2025இல் மக்களவையில் நிறைவேறியிருக்கிறது. அனுமதி இல்லாமல் அந்தத் தாய் பிள்ளையை நிறுத்திவிட்டால் என்ன ஆவது? மாநிலக் கல்வி இலாகா வழியாக விண்ணப்பிக்க வேண்டும், பெரும்பாலும் உடல்நலக் காரணம் இருந்தால்தான் கிடைக்கும், டாக்டர் கடிதம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று நாலு வரி எழுதியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு உதவியாக இருந்திருக்கும். அந்த இடத்தில் திட்டு அச்சாகியிருக்கிறது.

பதில் எழுதியவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பகுதியில் அனுமதி பற்றிய அந்த நாலு வரியைப் போடுங்கள், கண், காது பரிசோதனையையும் சேர்த்துப் போடுங்கள். என் தொலைபேசி எண்ணைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதை அச்சில் போட வேண்டாம். அந்தத் தாய் மறுபடியும் உங்களுக்கு எழுதினால் கொடுங்கள். காலையில் மட்டும் எனக்கு எடுக்க முடியாது. மத்தியானத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.