ஹைடெக் லேபில் தமிழ் வகுப்பும் நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிகளில் கணினி கற்பிப்பது பற்றியும், செயற்கை நுண்ணறிவைப் பாடமாக வைப்பது பற்றியும் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. கணக்கு ஆசிரியருக்கு என்ன பயிற்சி, அறிவியல் ஆசிரியருக்கு என்ன பயிற்சி என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஹைடெக் லேப் என்று அழைக்கப்படும் கணினி அறைக்குள் தமிழாசிரியருக்கும் வேலை இருக்கிறது என்று எங்கும் நான் படிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கஜா புயலைப் பற்றி ஒரு கதை செய்திருக்கிறார்கள். கணினியிலோ கைபேசியிலோ திறந்து படிக்கிற கதை. ஒரு பக்கம் படித்து முடித்தால் கீழே இரண்டு மூன்று வழிகள் இருக்கும். எதைத் தொடுகிறோமோ அந்த வழியில் கதை போகும். 2018 நவம்பர் 15 இரவு. கீற்று வீடு. அப்பா வெளியூரில். கொட்டகையில் பசுவும் கன்றும். பாதுகாப்பு மையத்துக்கு வரச்சொல்லி வேனில் அறிவித்துக்கொண்டு போகிறார்கள். பாட்டி வர மறுக்கிறார். "77 புயலுக்கே நான் இந்த மண்ண விட்டுப் போகல. நீங்க போங்க." இப்போது என்ன செய்வாய்? பாட்டியோடு வீட்டிலேயே இருப்பாயா, தம்பியை மட்டும் கூட்டிக்கொண்டு போவாயா, எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிடுவாயா?

அந்தப் பிள்ளைகள் அப்போது இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ இருந்தவர்கள். நள்ளிரவு தாண்டிக் கஜா எங்கள் பக்கம் கரை ஏறியபோது, பலர் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டவர்கள். விடிந்தபின் சாய்ந்து கிடந்த தென்னைகளையும், வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத இரவுகளையும் அவர்கள் மறக்கவில்லை. கட்டுரை எழுதச் சொன்னால் இதில் ஒரு வரியும் வராது. "முன்னுரை: இயற்கைச் சீற்றங்களில் புயலும் ஒன்று" என்று ஆரம்பித்து, உட்தலைப்பு போட்டு, உரைநூலில் உள்ளதை அப்படியே இறக்கிவைப்பார்கள். அதற்குத்தான் மதிப்பெண் என்று நாங்களே பழக்கியிருக்கிறோம்.

நாங்கள் பயன்படுத்தியது ட்வைன் என்ற இலவசச் செயலி. கிறிஸ் கிளைமாஸ் என்பவர் 2009-இல் உருவாக்கியது, கட்டற்ற மென்பொருள். ஒருமுறை கணினியில் போட்டுவிட்டால் இணையம் தேவையில்லை. பக்கத்துக்கு ஒரு பெட்டி. அதில் கதையை எழுதி, வாசகர் தொட வேண்டிய சொற்களை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்தால் போதும். அந்தப் பெயரில் அடுத்த பெட்டி தானே முளைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு அம்புக்குறி விழும். கதை வளர வளரத் திரையில் அதன் வரைபடமும் வளரும். முடித்ததும் ஒரே ஒரு கோப்பாகச் சேமித்து யாருக்கும் அனுப்பலாம். கைபேசியில் இருக்கும் பிரவுசரே அதைத் திறந்துவிடும். தமிழ் ஒருங்குறியில் (யூனிகோட்) எழுதினால் எழுத்து உடையாது. செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ட்வைனை நிறுவாமல் பிரவுசரிலேயே வைத்து எழுதினால், கதை அந்த பிரவுசரின் நினைவில்தான் இருக்கும். யாராவது அதைத் துடைத்துவிட்டால் கதையும் போய்விடும். வகுப்பு முடிந்ததும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

ஆனால் நாங்கள் தொடங்கியது கணினியில் இல்லை, பள்ளித் தாழ்வாரத்தில். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் ஆளுக்கொரு காட்சி எழுதி, தரையில் பரப்பி, சாக்பீஸால் கோடு இழுத்து இணைத்தோம். அங்கேதான் பெரிய சிக்கல் வந்தது. முதல் பக்கத்தில் இரண்டு வழி, அவை ஒவ்வொன்றிலும் இரண்டு வழி என்று போனால், ஐந்தே திருப்பங்களில் 32 முடிவுகள். நடுவில் உள்ளவற்றையும் சேர்த்தால் 63 பக்கங்கள். தாழ்வாரம் போதவில்லை. அடுக்கு எண் பாடத்தில் வாயே திறக்காத ஒரு பையன்தான் இந்தக் கணக்கைத் தரையில் போட்டுக் காட்டினான்.

பிரிந்த வழிகளை எங்காவது மறுபடி சேர்த்தால்தான் கதை கைக்குள் நிற்கும். அதேசமயம் வாசகர் முன்பு செய்ததைக் கதை மறந்துவிடவும் கூடாது. பசுவை அவிழ்த்துவிட்டு வந்தவரும், கட்டியபடியே விட்டு வந்தவரும் பாதுகாப்பு மையத்தில் ஒரே பாயில் உட்கார்ந்து அதே கஞ்சியைத்தான் குடிக்கிறார்கள். காலையில் வீடு திரும்பும்போது இருவரும் காண்பது ஒன்றல்ல. ட்வைனில் இதற்கு வழி இருக்கிறது. பசுவை அவிழ்த்தாயா என்பதை ஆம், இல்லை என்று ஓரிடத்தில் குறித்துவைத்தால், பின்னால் வரும் பக்கம் அதைப் பார்த்துத் தன் வரிகளை மாற்றிக்கொள்ளும். நிரலாக்கம் படித்தவர்கள் இதை மாறி என்பார்கள். என் பிள்ளைகளுக்கு அது கொட்டகையில் கிடந்த கயிறு. பசுவை ஏன் அவிழ்க்க வேண்டும், அவிழ்த்தால் இருட்டில் எந்தப் பக்கம் ஓடும், கன்றை என்ன செய்வது என்று ஒரு பாடவேளை முழுக்க வாதாடினார்கள். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் பேச, மற்றவர்கள் கேட்டார்கள். என் வகுப்பில் அப்படி நடப்பது அபூர்வம்.

இன்னொரு இடம். உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் மகள் எழுதிய பக்கம் அது. "காற்று நின்றுவிட்டது. மழையும் இல்லை. வெளியே போய்ப் பசுவைப் பார்க்கலாமா?" எனக்குத் தெரிந்து இதைப் படித்த பெரியவர்களில் பாதிப்பேர் வெளியே போகும் வழியைத்தான் தொட்டார்கள். அடுத்த பக்கத்தில் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். புயலின் கண் நம்மைக் கடக்கும்போது சற்று நேரம் அமைதியாக இருக்கும், அது தாண்டியதும் எதிர்த்திசையிலிருந்து காற்று வரும் என்பது எல்லாரும் படித்ததுதான். படித்ததை மறந்துவிட்டு வாசலுக்குப் போனவர் அந்தப் பக்கத்தில் ஒரு நொடி நின்றுவிடுகிறார். என் வகுப்பில் பத்து மதிப்பெண் கட்டுரை எந்த வாசகரையும் அப்படி நிறுத்தியதில்லை.

கேட்பவரைக் கதைக்குள் இழுப்பது நமக்குப் புதிதும் அல்ல. வேதாளம் கதையைச் சொல்லி முடித்துவிட்டு விக்கிரமாதித்தனிடம் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் பேசாமல் இருந்தால் தலை வெடிக்கும். வாய் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு "இப்போது நீங்கள் செய்யுங்கள்" என்றபோது ஒரு பிள்ளையும் அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை.

கீழ் வகுப்புகளுக்கு ஸ்க்ராட்ச் பொருந்தும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-இல் வெளியிட்டது, இதுவும் இலவசம். வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் பொம்மை நடக்கும், பேசும், கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை நரியையும் காக்காயையும் பேசவைக்க அது தாராளம். ஆனால் வாக்கியங்களில் கதை சொல்லப் பழக வேண்டிய வயதுக்கு ட்வைன்தான் நல்லது என்பது என் எண்ணம். அங்கே படம் காப்பாற்றாது. எழுத்துதான் வாசகரைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

எங்களை அதிகம் தாமதப்படுத்தியது தமிழில் தட்டச்சு செய்வது. பிள்ளைகள் கைபேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைத்துப் பழகியவர்கள். அப்படி எழுதும்போது ர, ற எது, ல, ள, ழ எது என்று அவர்கள் யோசிப்பதில்லை. கைபேசி காட்டுகிற சொல்லைத் தொட்டுவிடுகிறார்கள். ஒரு மாணவன் தன் அண்ணன் வேலை பார்க்கும் டிடிபி கடையில் தட்டச்சு செய்து கொண்டுவந்தான். அது ஒருங்குறி அல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. எங்கள் கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பை. பாவம், மறுபடி முதலிலிருந்து அடித்தான்.

தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு 1999-இலேயே ஏற்றுக்கொண்டது. அதைக் கற்றுக்கொடுத்த பிறகுதான் வேலை ஓடியது. உயிர் எழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ போதும், முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழும். ந அடித்துத் த அடித்தால் ந்த என்று ஆகிவிடும். ங்க, ஞ்ச, ண்ட, ம்ப, ன்ற எல்லாம் அப்படியே. நான் ஆண்டுதோறும் தொண்டை வறள நடத்தும் இன எழுத்துப் பாடம் அந்த விசைப்பலகைக்குள் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலேயே இதைப் பழக்கினால் ஒன்பதாம் வகுப்பில் கதைக்கு நேரம் மிஞ்சும். எங்கள் கால அட்டவணையில் இதற்கு இடம் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அடுத்தது இடம். தமிழ்நாட்டில் 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளிகளில் பத்து கணினி, மேல்நிலைப் பள்ளிகளில் இருபது என்ற அளவில் கொடுத்திருக்கிறார்கள். பெரிய செல்வம் அது. பக்கத்துத் தனியார் பள்ளிகள் பலவற்றில்கூட இவ்வளவு இல்லை. ஆனால் அந்த அறைக்குள் பிள்ளைகள் பெரும்பாலும் வினாடி வினாவுக்கும் இணையவழித் தேர்வுக்கும்தான் போகிறார்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டுவிட்டு வெளியே வருகிறார்கள். மற்ற நேரம் பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் வேலை. நானும் என் வகுப்பும் உள்ளே போனதெல்லாம் மாலையில் பள்ளி விட்டபிறகு, பேருந்து வருவதற்குள் கிடைத்த நேரத்தில். தலைமையாசிரியர் சாவி கொடுத்ததால் நடந்தது. எல்லாப் பள்ளியிலும் அப்படிக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

பக்கத்துக் கேரளத்தில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் அமைப்பை 2018-இல் உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கினார்கள். அசைவூட்டம், நிரலாக்கம் ஆகியவற்றோடு மலையாளத்தைக் கணினியில் கையாள்வதையும் பயிற்சியில் வைத்திருக்கிறார்கள். தாய்மொழியைக் கணினி அறைக்கு வெளியே நிறுத்தவில்லை. நம்மால் முடியாதது எதுவும் அதில் இல்லை.

செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் கதை எழுதித் தரும்போது பிள்ளைகள் எதற்கு இப்படிச் சிரமப்பட வேண்டும் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு நாள் அதனிடமும் கஜா கதை கேட்டு வாங்கி வகுப்பில் படித்தோம். பிழையில்லாத தமிழ். அதில் வந்த பாட்டி உடனே கிளம்பி வந்துவிட்டார். "எங்க ஆயா வராது டீச்சர்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி சொன்னாள். அவளுடைய ஆயா அந்த இரவு நிஜமாகவே வரவில்லை. என்ன சொல்லி அழைத்தார்கள், ஆயா என்ன பதில் சொன்னார், கடைசியில் யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதையெல்லாம் அவள் மூன்று பக்கமாக எழுதினாள். கதையில் இன்று நான்கு வழி பிரிகிற இடம் அதுதான்.

பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகள் இந்தப் பகுதியைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். ஆறு முதல் ஒன்பது வரை வாரத்தில் ஒரு தமிழ்ப் பாடவேளையை ஹைடெக் லேபில் நடத்த கால அட்டவணையிலேயே இடம் கொடுங்கள். ட்வைனை எல்லா லேப் கணினிகளிலும் ஒருமுறை நிறுவிக் கொடுத்துவிட்டால் போதும், ஒரு பைசா செலவில்லை. கலைத் திருவிழாவில் கதை எழுதும் போட்டியோடு இதற்கும் ஒரு பிரிவு வையுங்கள். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் கணினிப் பயிற்சி நடக்கும்போது தமிழாசிரியர்களையும் அழையுங்கள். ட்வைனைப் புரிந்துகொள்ள ஒரு நாள் போதும். கேட்கும் பள்ளிகளுக்கு எங்கள் கஜா கதையின் கோப்பைக் கொடுக்கப் பிள்ளைகள் சம்மதித்திருக்கிறார்கள். அதைத் திறந்து, எங்கள் ஊரை எடுத்துவிட்டு உங்கள் ஊரை வைத்து எழுதத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.